இந்த டார்ச் எவ்வளவு தூரம் அடிக்கும்?

நிலக்கடலைக் காட்டுக்கு இராக்காவல் போகிறவர் டார்ச் வாங்கும்போது கேட்கும் முதல் கேள்வி இதுதான். கடைக்காரரும் தயங்காமல், "ரெண்டு கிலோமீட்டர் போகும்ண்ணே" என்பார். அவர் மேல் தப்பில்லை; பெட்டியில் அச்சிட்டிருப்பதைத்தான் படித்துச் சொல்கிறார். அதன் கீழேயே 1,00,000 லூமென் என்று ஓர் எண், 9900 எம்.ஏ.எச். பேட்டரி என்று இன்னோர் எண். விலை அறுநூறு ரூபாய். அன்றிரவு அடித்துப் பார்த்தால் காலடியிலிருந்து எதிர் வரப்புவரை பளீரென்று இருக்கும். அதற்கு அப்பால் ஏதோ அசைகிறது என்பது மட்டும் தெரியும். அசைவது என்ன என்று தெரியாது.

மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நடுராத்திரியில் மோட்டார் போடப் போகிறவர்களுக்கும், மலையடிவாரத்தில் பரண் கட்டிப் பயிர் காக்கிறவர்களுக்கும், ஏரிக்கரையில் உடைப்பு பார்க்க மழையில் நடக்கிறவர்களுக்கும் டார்ச் ஆடம்பரப் பொருள் இல்லை. அவர்கள் கொடுக்கும் அறுநூறு ரூபாய் உழைத்துச் சேர்த்த காசு. உண்மையாகவே அரைக் கிலோமீட்டர் அடிக்கும் டார்ச் இன்றைக்கு நடுத்தர விலையில் கிடைக்கிறது. அதை அடையாளம் காண ஓர் அளவுகோலும், எட்டாம் வகுப்பில் படித்த வர்க்கமூலமும் போதும். அந்தக் கணக்கை வாங்குகிறவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் லூமென் என்ற எண்ணை ஓரமாக வைத்துவிடலாம். விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளியேறும் ஒளியின் மொத்தம்தான் லூமென். வீட்டுக் கூடத்தில் மாட்டும் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறத்தாழ 900 லூமென் தருகிறது. அந்தப் பல்பைக் கையில் பிடித்துக்கொண்டு வயலில் நின்றால் இருபது முப்பது மீட்டருக்கு அப்பால் இருட்டுதான். அதே 900 லூமெனை 5 டிகிரி அகலமுள்ள கற்றையாகக் குவித்தால் அரைக் கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். ஒளியின் மொத்தம் மாறவில்லை. ஒரு திசையில் அது எவ்வளவு நெருக்கமாகப் பாய்கிறது என்பதுதான் மாறியது. அந்த நெருக்கத்தைச் சொல்லும் அளவு கேண்டெலா. தூரத்தைத் தீர்மானிப்பது அதுதான்.

டார்ச்சுகளை அளப்பதற்கென்று அமெரிக்காவில் 2009-இல் எஃப்.எல்.1 என்ற தர நெறி வந்தது. உலகத்தில் நேர்மையாகத் தொழில் செய்யும் டார்ச் கம்பெனிகள் பலவும் இன்று அதைத்தான் பின்பற்றுகின்றன. கற்றையின் நடுவில் வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம் எதுவோ, அதுவரைதான் அந்த டார்ச்சின் தூரம் என்று அது வரையறுக்கிறது. 0.25 லக்ஸ் என்பது மேகமில்லாத பௌர்ணமி இரவில் திறந்த வெளியில் விழும் நிலா வெளிச்சம். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது என்பதால் கணக்கு எளிதாகிவிடுகிறது. கேண்டெலாவுக்கு வர்க்கமூலம் கண்டு இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம் வந்துவிடும். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். 40,000 என்றால் 400 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 2,50,000 கேண்டெலா வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்குப் பத்து லட்சம்.

இந்த வரிசையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தூரம் இரட்டிப்பாக வேண்டுமானால் கேண்டெலா நான்கு மடங்காக வேண்டும். "இதைவிட அது ரெண்டு மடங்கு பவர்" என்று சொல்லி விற்கும் டார்ச், அந்த வாக்கு உண்மையாகவே இருந்தாலும், 400 மீட்டரை 566 மீட்டராக்கும், அவ்வளவுதான். கடைசி நூறு மீட்டருக்காகக் கொடுக்கும் பணம்தான் மிக அதிகம்.

இன்னொன்றும் இருக்கிறது. பௌர்ணமி நிலவில் 500 மீட்டர் தள்ளி நிற்பவரை நம்மால் அடையாளம் காண முடியுமா? முடியாது. தர நெறி சொல்லும் தூரம் ஒளி போய்ச் சேரும் தூரம். கண் அங்கே ஒன்றை இன்னது என்று புரிந்துகொள்ளும் தூரம் வேறு. அச்சிட்ட தூரத்தின் பாதியில் வெளிச்சம் நான்கு மடங்கு, மூன்றில் ஒரு பங்கில் ஒன்பது மடங்கு. ஆடா நாயா என்று பிரித்தறிய அந்த மூன்றில் ஒரு பங்கைத்தான் நான் நம்புவேன்.

சரி, கேண்டெலா எங்கிருந்து வருகிறது? இங்கேதான் இந்தப் பொருளின் உயிர் இருக்கிறது. இரண்டே விஷயங்கள்: ஒளி பிறக்கும் பரப்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பது ஒன்று; அதைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிக் கிண்ணத்தின் வாய் எவ்வளவு அகலம் என்பது மற்றொன்று. இரண்டையும் பெருக்கினால் கேண்டெலா. பூமியில் செய்யப்பட்ட எந்தக் கண்ணாடியாலும் எந்த லென்ஸாலும் மூலப் பரப்பின் பிரகாசத்தை அதைவிடக் கூட்ட முடியாது. இது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியோடு பிணைந்த இயற்கைக் கட்டுப்பாடு. கண்ணாடி செய்வதெல்லாம், அந்தச் சிறு பரப்பு தன் வாய் முழுவதும் நிறைந்திருப்பதுபோல் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் காட்டுவதுதான்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பட்டப்பகலில், அணைத்து வைத்த டார்ச்சை ஒருவர் கையில் கொடுத்து, நேராக உங்களை நோக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் நடுவில் சின்னதாக ஒரு மஞ்சள் சதுரம், அதைச் சுற்றி வெள்ளிபோல் மின்னும் கிண்ணம். ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகருங்கள். மஞ்சள் கிண்ணத்தின் சுவரில் ஏறிப் பரவத் தொடங்கும். ஏழெட்டு மீட்டர் போனதும், நேர்கோட்டில் நிற்கிறீர்கள் என்றால், விளிம்புவரை கிண்ணம் முழுக்க ஒரே மஞ்சளாக நிறைந்து நிற்கும். அணைந்த டார்ச்சில் மஞ்சள் எங்கெல்லாம் தெரிகிறதோ, எரியும்போது அங்கிருந்தெல்லாம் ஒளி உங்களை நோக்கிப் பாயும். நடுவில் வெள்ளி வளையங்கள் விட்டுப்போயிருந்தால் எல்.இ.டி. சரியான குவியத்தில் பொருத்தப்படவில்லை; அத்தனை பரப்பும் வீண். கடை வாசலிலேயே, பேட்டரி போடாமலேயே செய்யக்கூடிய இந்தச் சோதனையைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. ஒரே எச்சரிக்கை: டார்ச் அணைந்திருக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சென்னைக்கு இந்தக் கணக்கின் பழைய வடிவம் ஒன்று நன்றாகவே தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு எதிரே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவுக்கு வந்து, தேடுவிளக்குகளைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அந்தக் காலத்துக் கப்பல்களின் தேடுவிளக்குகள் கார்பன் வில் விளக்குகள். இரண்டு கரிக்கோல்களுக்கு நடுவே மின்சாரம் பாயும்போது கோலின் முனையில் ஒரு சிறு குழி வெண்சூடாகக் காயும். அந்தக் குழியின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் சுமார் 150 கேண்டெலா. அதன் பின்னால் ஆள் உயரத்துக்குப் பாதிக்கு மேல் அகலமான கண்ணாடி. மிகப் பிரகாசமான சிறு புள்ளி, மிக அகலமான கண்ணாடி: மூன்று கிலோமீட்டரின் ரகசியம் அவ்வளவுதான்.

மெழுகுவத்திச் சுடரின் பரப்பில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.01 கேண்டெலா அளவுக்குத்தான் இருக்கும். குண்டு பல்பின் டங்ஸ்டன் இழையில் சுமார் 10. நம் வீடுகளில் இருந்த மூன்று கட்டை, ஐந்து கட்டை டார்ச்சுகளின் குட்டி பல்பு மொத்தத்தில் சொற்ப ஒளிதான் தந்தது. இருந்தும் தென்னை உச்சிவரை நேராகப் போனதற்குக் காரணம், அந்த இழை மிகச் சிறியது, கிண்ணம் அகலமானது. இப்போது வருகிற, தொலைதூரத்துக்கென்றே செய்யப்படும் எல்.இ.டி. சில்லின் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டர், கடுகைவிடச் சிறியது. அதிலிருந்து 600 லூமெனுக்கு மேல் ஒளி வருகிறது. அதாவது சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கேண்டெலா. நூறாண்டுக்கு முன் ஒரு போர்க்கப்பலின் மின்னாக்கி ஊட்டிய கரிக்குழியின் பிரகாசத்தை, கைக்கு அடக்கமான ஒற்றை பேட்டரி இன்றைக்குத் தருகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்தச் சில்லு உண்மையில் நீல நிறத்தில்தான் ஒளிர்கிறது. பிரகாசமான நீல எல்.இ.டி.யை ஜப்பானின் நிச்சியா கம்பெனியில் இருந்த ஷூஜி நகமுரா 1993-இல் கொண்டுவந்தார். அதற்கான வழியைத் திறந்த இசாமு அகசாகி, ஹிரோஷி அமனோ ஆகியோருடன் சேர்த்து 2014-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நீலத்தின் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சைத் தடவினால் இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரியும். அணைந்த டார்ச்சில் நாம் பார்த்த மஞ்சள் சதுரம் அந்தப் பூச்சுதான்.

இப்போது பெட்டியிலுள்ள பெரிய எண்கள் ஏன் ஏமாற்றுகின்றன என்பது விளங்கும். ஒரு டார்ச்சில் 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர் உள்ள பெரிய சில்லு, 4000 லூமென். இன்னொன்றில் ஒரு சதுர மில்லிமீட்டர் சில்லு, 600 லூமென். கிண்ணம் இரண்டிலும் ஒரே அளவு. முதலாவதன் ஒளி 25 சதுர மில்லிமீட்டரில் பரவிக் கிடப்பதால் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 50 கேண்டெலாதான் தேறும். இரண்டாவதில் 190. ஆகவே ஆறு மடங்குக்கு மேல் ஒளி கக்கும் முதல் டார்ச், தூரத்தில் இரண்டாவதன் பாதியைத்தான் எட்டும். முதலாவது களத்துமேட்டில் நெல் தூற்றுவதற்கும் கல்யாணப் பந்தலுக்கும் அருமையான விளக்கு. தொலைவைப் பார்க்க அது உதவாது. பெட்டியில் சில்லின் பெயரோடு 70, 90, 160 என்று எண் ஏற ஏறப் பெரும்பாலும் சில்லின் அகலம்தான் ஏறுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில்லின் பிரகாசத்தையும் கண்ணாடியின் அகலத்தையும் சேர்த்தால் ஒரு சுருக்கமான கணக்கு கிடைக்கிறது. சதுர மில்லிமீட்டருக்கு 200 கேண்டெலா என்று வைத்து, வட்டத்தின் பரப்பைப் போட்டுப் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு இரண்டால் பெருக்கினால், கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து 25-ஆல் பெருக்கியது போலாகிறது. அது உச்சவரம்பு. கண்ணாடியில் இழப்பு, முன்பக்கக் கண்ணாடித் தகட்டில் இழப்பு, கிண்ணத்தின் நடுவிலுள்ள ஓட்டை எல்லாம் போக, நன்றாகச் செய்த டார்ச்சுகள் 15 முதல் 20 மடங்குக்குள் நிற்கின்றன. அளவுகோலை டார்ச்சின் வாயில் வையுங்கள். கண்ணாடி 25 மில்லிமீட்டரா? எவ்வளவு நல்ல எல்.இ.டி. போட்டாலும் 400, 500 மீட்டருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். 40 மில்லிமீட்டர் என்றால் 600 முதல் 800 வரை. நேர்மையாக இரண்டு கிலோமீட்டர் வேண்டுமென்றால் கண்ணாடி குறைந்தது 100 மில்லிமீட்டர் வேண்டும். அதைச் சட்டைப்பையில் வைக்க முடியாது. இந்தக் கணக்குக்கு ஒரே விதிவிலக்கு, லேசரால் பாஸ்பரில் ஒரு நுண்புள்ளியை மட்டும் தூண்டும் புதிய வகை டார்ச்சுகள். சின்னக் கண்ணாடியிலேயே அவை ஒரு கிலோமீட்டரைத் தாண்டுகின்றன. ஆனால் அவற்றின் விலை நாம் பேசும் விலை இல்லை.

கையில் டார்ச் இருந்து, கடைக்காரரும் பொறுமைசாலியாக இருந்தால், கேண்டெலாவை அங்கேயே அளக்கலாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் திரைக்கு மேலே ஓர் ஒளி உணரி இருக்கிறது. லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு கைபேசியை ஒரு ஸ்டூலில் சாய்த்து வைத்து, சரியாக 10 மீட்டர் தள்ளி நின்று, கற்றையின் நடுப்புள்ளி உணரியின் மேல் விழும்படி அடியுங்கள். திரையில் வந்த லக்ஸை 100-ஆல் பெருக்குங்கள், அதுதான் கேண்டெலா. 500 லக்ஸ் காட்டினால் 50,000 கேண்டெலா, அதாவது 447 மீட்டர். 5 மீட்டரில் அளந்தால் 25-ஆல் பெருக்க வேண்டும். அதைவிடக் கிட்டத்தில் அளக்கக் கூடாது. கற்றை ஒழுங்காக உருவாகியிருக்காது. கைபேசி உணரி ஆய்வுக்கூடக் கருவி இல்லை. ஆனால் இரண்டு டார்ச்சுகளில் எது மேல் என்று சொல்வதற்கு அது தாராளமாகப் போதும். எரியவிட்டு ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை அளந்து பாருங்கள். அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

லட்சம் லூமெனை இன்னொரு வழியிலும் சோதிக்கலாம். நல்ல எல்.இ.டி. ஒரு வாட் மின்சாரத்திலிருந்து 100 முதல் 150 லூமென் தரும். லட்சம் லூமெனுக்கு 1000 வாட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது இஸ்திரிப் பெட்டி இழுக்கும் மின்சாரம். டார்ச்சில் இருப்பதோ 18650 என்ற வகை லித்தியம் பேட்டரி. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்தப் பெயரின் கணக்கு. 3000 எம்.ஏ.எச். உள்ள நேர்மையான பேட்டரியில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சுமார் 11 வாட்-மணி. 1000 வாட் இழுத்தால் நாற்பது விநாடியில் தீர்ந்துபோகும். அதற்கு முன்பே கை வெந்துவிடும். அந்த 11 வாட்-மணி, 1000 லூமெனை ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாகத் தாங்கும். இதுதான் ஒற்றை பேட்டரி டார்ச்சின் உண்மையான கொள்ளளவு.

பேட்டரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறைந்த விலை டார்ச்சில் காசு மிச்சம் பிடிக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். 18650 அளவில் இன்று கிடைக்கும் மிக நல்ல பேட்டரிகளே 3500 எம்.ஏ.எச். சுற்றித்தான். 9900 என்று அச்சிட்டது எதுவானாலும் பொய். நிஜப் பேட்டரி 45 முதல் 50 கிராம் எடை இருக்கும். காய்கறிக் கடை டிஜிட்டல் தராசில் வைத்தால் போதும். முப்பது கிராம்தான் காட்டினால் உள்ளே பாதிதான் இருக்கிறது என்று பொருள். 21700 என்ற சற்றுப் பெரிய வகை, 5000 எம்.ஏ.எச். தாங்கும், எடை எழுபது கிராமை ஒட்டி வரும். புதிதாக வாங்குவதென்றால் நான் அதைத்தான் சொல்வேன். கையில் கொஞ்சம் கனம் கூடும், ஆனால் விடியும்வரை நம்பலாம். எந்த வகையானாலும் பேட்டரி கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும். உள்ளேயே வைத்து மூடிய டார்ச்சில் பேட்டரி செத்தால் டார்ச்சும் செத்தது.

ஐந்து நிமிடக் கணக்குக்கு வருகிறேன். எல்.இ.டி.க்குப் போகும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் வெப்பமாகத்தான் மாறுகிறது. அது சில்லிலிருந்து அலுமினிய உடலுக்கும், உடலிலிருந்து உங்கள் உள்ளங்கைக்கும் காற்றுக்கும் இறங்க வேண்டும். கையளவு டார்ச்சால் 1000 லூமெனுக்கு மேல் நெடுநேரம் தாங்க முடியாது. இரண்டு மூன்று நிமிடத்தில் சூடேறி, உள்ளிருக்கும் மின்சுற்று வெளிச்சத்தைத் தானாகவே இறக்கிவிடும். அது நல்ல டார்ச்சின் அடையாளம். இறக்காத டார்ச் தன்னையே எரித்துக்கொள்ளும். எஃப்.எல்.1 நெறிப்படி லூமெனை அளப்பது எரியவிட்ட 30 விநாடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில். எரியும் நேரம் என்பது வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை. ஆகவே 1000 லூமென், 4 மணி நேரம் என்று ஒரே வரியில் அச்சிட்டிருந்தால், முதல் சில நிமிடம் போக மற்ற நேரமெல்லாம் 300, 400 லூமெனில் எரியும் என்றே புரிந்துகொள்ள வேண்டும். அதிலொன்றும் மோசம் இல்லை. வர்க்கமூலம் இங்கே நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது: வெளிச்சம் மூன்றில் ஒன்றானாலும் தூரம் பாதிக்கு மேல் நிற்கும்.

தலையை முன்னும் பின்னும் இழுத்தால் வட்டம் பெரிதாகிச் சிறிதாகும் ஜூம் டார்ச்சுகள் கடைத்தெருவில் நிறையக் கிடைக்கின்றன. இழுத்து நீட்டியபோது சுவரில் சதுரமாக ஒரு வெளிச்சம் விழும். அது சில்லின் பிம்பம். குவித்த நிலையில் லென்ஸ் எல்.இ.டி.யிலிருந்து தள்ளிப் போய்விடுவதால், பக்கவாட்டில் போகும் ஒளியில் பெரும்பகுதி உட்சுவரிலேயே முட்டி வீணாகிறது. தூரம் கிடைக்கிறது, ஆனால் பேட்டரி செலவழித்ததில் பாதிக்கு மேல் வெளியே வருவதே இல்லை. நகரும் பாகம் இருப்பதால் மழையில் தண்ணீரும் இறங்கும். நான் கிண்ணக் கண்ணாடி வைத்ததையே தேர்ந்தெடுப்பேன்.

அப்படியானால் எவ்வளவு தூரம் வேண்டும்? உங்கள் நிலத்தையே அளவாக வையுங்கள். காவல் கொட்டகையிலிருந்து எல்லை வேலி 150 மீட்டர் என்றால், அங்கே நிற்பதை இன்னதென்று அறிய அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது 450 மீட்டர் டார்ச் வேண்டும். அது 50,000 கேண்டெலா. கண்ணாடி 30 மில்லிமீட்டர் இருந்தால் போதும். 40 இருந்தால் தாராளம். மாடு, மான், நாய், பூனை ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. அவற்றின் கண் பளபளப்பதால் அச்சிட்ட தூரத்துக்குக் கிட்டத்தட்டவே கண்டுபிடித்துவிடலாம். பன்றி இனத்துக்கு அந்தப் படலம் இல்லை. கண் காட்டிக்கொடுக்காது, உடம்பின் மேல் போதிய வெளிச்சம் விழுந்தால்தான் தெரியும். பயிரை அதிகம் அழிப்பது காட்டுப்பன்றி என்பதால்தான் மூன்று மடங்குக் கணக்கில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

தூரத்தையே பார்த்துக்கொண்டு காலடியை மறந்துவிடக் கூடாது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். வரப்பில் நடக்கிறவருக்கு முதல் தேவை மூன்று மீட்டர் முன்னால் பரவலான, சீரான வெளிச்சம். கிண்ணக் கண்ணாடி டார்ச்சில் நடுப்புள்ளியைச் சுற்றி மங்கலாக ஓர் அகல வட்டம் விழும். சில்லிலிருந்து கண்ணாடியில் படாமல் நேரே வரும் ஒளி அது. அந்த வட்டம் கால் பக்கம் தெரியும் அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். 20, 30 லூமென் என்ற தாழ்நிலையும் கட்டாயம் இருக்க வேண்டும். முடிந்தால் நடப்பதற்கென்று ஓர் எளிய ஹெட்லைட் தனியாக வாங்கிக்கொள்ளலாம். இரண்டு வேலையையும் ஒரே விளக்கு சிறப்பாகச் செய்யாது.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். நீலம் பாய்ந்த வெள்ளைதான் பெட்டியில் பெரிய எண் காட்டும். ஆனால் அந்த வெளிச்சத்தில் செம்மண்ணும் சருகும் விரியனின் முதுகும் ஒரே சாம்பலாகிவிடும். 4000, 5000 கெல்வின் என்று குறித்த, சற்று மஞ்சள் கலந்த வெள்ளையில் பழுப்புகள் தனித்தனியே பிரியும். அதற்காக 20 விழுக்காடு லூமெனை இழந்தாலும் தூரம் 10 விழுக்காடுதான் குறையும். மார்கழிப் பனியிலும் தூசியிலும் எந்த நிறமும் பெரிய உதவி செய்யாது. பனித்துளி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரேபோலத்தான் சிதறடிக்கிறது. அப்போது டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடிக்காமல் இடுப்பளவில் இறக்கி, உடம்பைவிட்டுத் தள்ளிப் பிடியுங்கள். திரும்பி வரும் வெள்ளைத் திரை பாதியாகக் குறைவதை உடனே பார்ப்பீர்கள்.

விலைக்கு வருவோம். ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாயில் தொடங்கி, கான்வாய், சோஃபிர்ன் போன்ற சீனக் கம்பெனிகளின் டார்ச்சுகள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. சில்லின் பெயரையும் பேட்டரியின் உண்மை அளவையும் அவர்கள் வெளிப்படையாகச் சொல்வதுதான் நான் அவர்களைச் சொல்லக் காரணம். சி8 என்று டார்ச் பிரியர்கள் அழைக்கும், ஒரே 18650 பேட்டரியும் 40 மில்லிமீட்டரை ஒட்டிய கண்ணாடியும் கொண்ட வடிவம் தோட்டம் துரவுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும். அவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள் உள்ளூர்க் கடையிலேயே, அகலமான மழமழப்பான கிண்ணம், நடுவில் மிகச் சிறிய மஞ்சள், கழற்றக்கூடிய பேட்டரி, இந்த மூன்றையும் தேடினால் அறுநூறு எண்ணூறு ரூபாயிலும் 200 மீட்டர் அடிப்பது ஒன்று அகப்படும். பெட்டியைப் பார்க்காமல் டார்ச்சைப் பாருங்கள். நீர் புகாமைக்கு ஐ.பி.எக்ஸ்.7 என்றிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் பிழைக்கும், ஐ.பி.எக்ஸ்.4 மழைச் சாரலுக்கு மட்டும்.

சக்திவாய்ந்த கற்றையைச் சாலையில் வருகிறவர் முகத்தில் அடிக்காதீர்கள். இருட்டுக்குப் பழகிய கண் பழைய நிலைக்குத் திரும்ப இருபது முப்பது நிமிடம் ஆகும், இருசக்கர வண்டிக்காரருக்கு அந்த அவகாசம் கிடையாது. யானை நடமாடும் பகுதியில் டார்ச் அடித்து விரட்டப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. வால்பாறையில் யானைகள் இருக்கும் இடத்தை ஊராருக்கு முன்கூட்டியே தெரிவிக்க, குறுஞ்செய்தியோடு சிவப்பு எச்சரிக்கை விளக்குகளையும் வைத்திருக்கிறார்கள். யானைக்கு அப்படிப்பட்ட ஏற்பாடுதான் சரி. விளக்கடித்துக் காட்டு விலங்குகளை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். பையில் போடும்போது வால்மூடியைக் கால் திருகு தளர்த்தி வையுங்கள். தானாக எரிந்து துணியைச் சுடாது. மூடியிலுள்ள ரப்பர் வளையத்துக்கு அவ்வப்போது துளி சிலிக்கான் கிரீஸ் தடவினால்தான் தண்ணீர் புகாது. சாணமும் சேறும் பட்ட கண்ணாடியைத் துண்டால் அழுத்தித் துடைக்காமல் தண்ணீரில் அலசுங்கள். ஆனால் உள்ளிருக்கும் கிண்ணத்தை விரலால்கூடத் தொடக்கூடாது, அதன் மேலிருக்கும் உலோகப் படலம் தொட்டால் போய்விடும். பல வாரம் பயன்படுத்தாமல் வைப்பதென்றால் பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றி, சாவிக்கொத்தும் சில்லறையும் இல்லாத தனி டப்பாவில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். உறை கிழிந்தாலோ உப்பினாலோ அந்தப் பேட்டரியை மறுபடி சார்ஜில் போடாதீர்கள்.